எலும்பு சாட்சி சொன்னால்தான் சமமா?

மனிதர் எல்லாருக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்கா. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத்தில் கிடைத்த, நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளுக்கு வயது சுமார் 3,00,000 ஆண்டுகள் என்று 2017இல் அறிவித்தார்கள். இதைக் கேட்டதும் நம் மேடைகளில் ஒரு வாதம் சுலபமாக வந்துவிடுகிறது: ‘எல்லாரும் ஒருத்தி வயித்துப் பிள்ளைங்கதான். அப்புறம் என்ன மேல, கீழ?’ கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் சமத்துவம் என்கிற பாரத்தை எலும்பின் மேல் ஏற்றினால் எலும்பு தாங்குமா?

மனிதனின் மூதாதையர் ஆப்பிரிக்காவில் வாழ்ந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று டார்வின் 1871லேயே எழுதினார். ஐரோப்பியப் பண்டிதர் பலருக்கு அது செரிக்கவில்லை. 1912இல் இங்கிலாந்தின் பில்ட்டவுனில் ஒரு மண்டையோடு ‘கிடைத்தது’. பெரிய மூளை, குரங்குத் தாடை. ஆதி மனிதன் இங்கிலீஷ்காரன்தான் என்று பூரித்துப்போனார்கள். 1924இல் தென்னாப்பிரிக்காவின் டவுங் சுண்ணாம்புக் குவாரியில் வெடிவைத்த பாறையிலிருந்து ஒரு குழந்தையின் மண்டையோடு வந்தது. ரேமண்ட் டார்ட் அதைச் சுத்தம் செய்து, மனிதக் கால்வழியில் வைத்து 1925இல் வெளியிட்டார். ஆர்தர் கீத் போன்ற பெரிய தலைகள் அதைக் குரங்குகளின் வரிசையில் தள்ளினார்கள். 1953இல் குட்டு உடைந்தது. பில்ட்டவுன் தாடை ஒரு வாலில்லாக் குரங்கினுடையது. பல்லை அரத்தால் ராவி, சாயம் ஏற்றி வைத்திருந்தார்கள். நாற்பது வருடம் அந்தப் பொய் நின்றது என்றால், அது தேவைப்பட்டவர்கள் இருந்தார்கள் என்று அர்த்தம்.

சரி, உண்மை ஜெயித்தது. ஜெயித்து என்ன ஆச்சு? அதே 1953இல்தான் தென்னாப்பிரிக்காவில் பாண்டு கல்விச் சட்டம் வந்தது. கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்குக் கூலி வேலைக்கு வேண்டிய அளவு படிப்புப் போதும் என்றது நிறவெறி அரசு. முந்தைய வருடம் பாஸ் சட்டத்தை இறுக்கியிருந்தது. டவுங் குழந்தை ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருந்தது. வெளியே தெருவில், கறுப்பின மனிதர் தன் சொந்த மண்ணில் நடக்கப் பாஸ் காட்ட வேண்டியிருந்தது. நம்ம பூர்வீகம் தெரியாததால யாரும் நம்மை ஒடுக்குவதில்லை.

இந்த வாதத்தில் ஆபத்தும் உண்டு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழ்கிறவர்களின் மரபணுவில் ஏறத்தாழ 2 சதவீதம் நியாண்டர்தாலிடமிருந்து வந்தது என்பது 2010இலிருந்து தெரியவந்தது. ஆப்பிரிக்கர்களிடம் அது மிகக் குறைவு. நாளைக்கு ஒருத்தன் இதை வைத்து மேல் கீழ் பேசினால், நாம் உட்கார்ந்து சதவீதம் எண்ணிக்கொண்டிருப்போமா? பிறப்பைக் காட்டி சமத்துவத்தை நிரூபிக்கக் கிளம்புகிறவர், பிறப்பால் அளக்கிற கோலை எதிரி கையிலும் கொடுத்துவிடுகிறார். புருஷனின் வாயில் ஒருத்தன், காலில் ஒருத்தன் என்பதும் ஒரு பூர்வீகக் கதைதானே?

அம்பேத்கர் இந்தப் பொறியில் கால் வைக்கவில்லை. இன வேறுபாட்டிலிருந்து தீண்டாமை பிறந்தது என்ற கொள்கையை, மண்டை அளவு, மூக்கு அளவுகளைக் கொண்டே 1948இல் தகர்த்தார். அதற்கும் முன்பு, 1936இலேயே அடிப்படையைச் சொல்லிவிட்டார்: மனிதர்கள் உடலிலும் வளர்ப்பிலும் முயற்சியிலும் ஒன்றுபோல் இல்லாமலிருக்கலாம், அப்போதும் சமத்துவத்தையே நெறியாகக் கொள்ள வேண்டும். சமத்துவம் நாம் எடுக்கிற முடிவு, தோழர்களே. அதற்கு எந்த ஆய்வுக்கூடத்தின் கையெழுத்தும் வேண்டாம்.

அப்படின்னா ஆப்பிரிக்க எலும்புகளால் நமக்கு ஒன்றுமில்லையா? இருக்கிறது. அவற்றைக் கண்டெடுத்த கைகள் யாருடையவை என்று கேளுங்கள். 1984இல் கென்யாவின் நரியோகோடோமே ஆற்றங்கரையில், மற்றவர்கள் ஓய்வெடுத்த நாளில், கூழாங்கற்களுக்கு நடுவே தீப்பெட்டியளவு மண்டையோட்டுச் சில்லு ஒன்றைக் கண்டவர் கமோயா கிமேயு. சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழைய ‘துர்கானா சிறுவன்’ அப்படித்தான் வெளியே வந்தான். கிமேயு லீக்கி குடும்பத்தின் அகழ்வில் கூலியாளாகச் சேர்ந்தவர். 2022இல் மறைந்தார். பரிசும் பெயரும் அவருக்குப் பிறகு கிடைத்தன. ஆனாலும் உலகத்தின் வாயில் முதலில் வருவது லீக்கி என்ற பெயர்தான்.

தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் குகையில், 1997இல், உடைந்த கால் எலும்பு ஒன்றின் வார்ப்பை ஸ்டீபன் மொட்சுமி, ந்க்வானே மொலேஃபே இருவரிடமும் கொடுத்தார் ரொனால்ட் கிளார்க். இதன் மறுமுனை பாறையில் எங்கோ இருக்கிறது, தேடுங்கள் என்றார். பெரிய இருட்டுக் குகை. கைவிளக்கோடு இரண்டே நாளில் கண்டுபிடித்தார்கள். ‘லிட்டில் ஃபுட்’ என்ற முழு எலும்புக்கூடு அந்தப் பாறைக்குள்தான் இருந்தது.

கல்லையும் எலும்பையும் பிரித்துப் பார்க்கும் அந்தக் கண்ணுக்குப் பெயர் அறிவு. அதைக் கூலி என்று எழுதிவிட்டு, மேசையில் உட்கார்ந்து எழுதியதை மட்டும் அறிவு என்கிறோமே, அங்கே உடைகிறது சமத்துவம். மூன்று லட்சம் வருடத்து உறவைப் பற்றிப் பேசுகிறவரிடம் ஒன்று கேட்போம்: உங்க குழியில மண்ணு அள்ளுனவர் பேரு என்ன?