முடிச்சு நம் கையில் இல்லாதபோது



அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் பகுதிகளிலிருந்து உம்ராவுக்குப் புறப்படுபவர்கள் இப்போது வருடம் முழுவதும் இருக்கிறார்கள். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி, பயண துஆ ஓதி, தவக்குல் வைத்து அமர்கிறோம். ஒட்டகத்தைக் கட்டுவது பற்றியும் தவக்குல் பற்றியும் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒட்டகத்துக்காரர் தன் கையால் முடிச்சுப் போட்டார்; இறுகியிருக்கிறதா என்று அவரே இழுத்துப் பார்க்கவும் முடிந்தது. விமானத்தில் முடிச்சுப் போடுபவர் வேறொருவர். அவர் முகம்கூட நமக்குத் தெரியாது. அப்படியானால் கட்டும் கடமை யார் மீது?

1976 அக்டோபர் 12. பம்பாயிலிருந்து நம் சென்னைக்குப் புறப்பட்டது இந்தியன் ஏர்லைன்ஸின் கேரவல் விமானம். எழும்பிய சற்று நேரத்தில் ஓர் என்ஜினுக்குள் சுழலும் கம்ப்ரஸர் தகடு உடைந்து சிதறியது. எரிபொருள் குழாய் அறுந்தது, தீப்பிடித்தது. ஹைட்ராலிக் எண்ணெய் வெளியேறிவிட, விமானத்தைத் திருப்பும் சக்தியே விமானிக்கு இல்லாமல் போனது. திரும்பி வந்து இறங்க முயன்றும் ஓடுதளத்தை எட்டவில்லை. நடிகை ராணி சந்திராவும் அவருடைய குடும்பத்தாரும் உட்பட 95 பேரும் இறந்துபோனார்கள். காரணம் அந்தத் தகட்டில் உலோகச் சோர்வால் விழுந்த ஒரு விரிசல். இப்படிப்பட்ட விரிசல் சும்மா பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. பட்டறையில் என்ஜினைப் பிரித்து, ஒளிரும் சாயத்தைத் தடவி, இருட்டறையில் விளக்குப் பிடித்துத் தேடினால்தான் தெரியும்.

இன்னொரு சம்பவம் நம் உள்ளத்துக்கு இன்னும் நெருக்கமானது. 1991 ஜூலை 11, ஜித்தா. ஹஜ்ஜை முடித்துவிட்டு நைஜீரியாவின் சொகோட்டோவுக்குத் திரும்பும் ஹாஜிகள். விமானம் கனடாவின் நேஷன்ஏர் கம்பெனியுடையது. சக்கரங்களில் இரண்டு டயர்களில் காற்று குறைவு. ஒரு டயரில் காற்று குறைந்தால் பக்கத்து டயர் அதன் சுமையைத் தாங்கிக்கொள்ளும், அதனால் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அளவுமானி வைத்தால்தான் உண்மை தெரியும். இங்கே தெரிந்துவிட்டது. தலைமை மெக்கானிக் நைட்ரஜன் நிரப்ப விரும்பினார். நைட்ரஜன் கைக்கெட்டும் இடத்தில் இல்லை. தாமதமாகும் என்று மேலாளர் சம்மதிக்கவில்லை. ஓடுதளத்தில் ஓடும்போதே டயர்கள் சூடேறித் தீப்பிடித்தன. சக்கரங்கள் உள்ளே மடங்கியபோது தீயும் உள்ளே போனது. 261 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். பம்பாயில் காரணம் உலோகத்துக்குள் ஒளிந்திருந்தது. ஜித்தாவில் குறை தெரிந்திருந்தது. தெரிந்த பிறகும் கிளம்பச் சொன்னார்கள். "கத்ர், அல்லாஹ்வின் நாட்டம்" என்று இரண்டுக்கும் நாம் சொல்லலாம், அது நம் ஈமான். அந்த மேலாளர் அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

அதற்காக ஒரு சின்னக் குறை இருந்தாலும் விமானம் பறக்கவே கூடாது என்றும் இல்லை. எந்தக் குறையோடு பறக்கலாம், எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று எம்.இ.எல். என்ற பட்டியலே இருக்கிறது. சிலவற்றுக்கு 3 நாள், சிலவற்றுக்கு 10 நாள், சிலவற்றுக்கு 120 நாள். மார்க்கத்தில் ருக்ஸத் என்னும் சலுகை இருக்கிறதே, அதுபோல: சலுகைக்கும் வரம்பு உண்டு. அவசரத்தில் இருப்பவர் தானே எழுதிக்கொள்வது சலுகை ஆகாது.

பழுது பார்த்த பிறகு, லைசென்ஸ் பெற்ற பொறியாளர் ஒருவர் விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திட வேண்டும். விமானத்தைத் திருப்பும் கட்டுப்பாட்டுப் பாகங்களில் கை வைத்திருந்தால், அந்த வேலையைச் செய்யாத இரண்டாவது ஆளும் தனியாகச் சோதித்துக் கையெழுத்திடுவார். இரண்டு சாட்சிகள்! அது வெறும் ஆபீஸ் சடங்கு இல்லை, ஷஹாதத். முதல் ஆள் மேல் உள்ள மரியாதையால் இரண்டாவது ஆள் பார்க்காமலே கையெழுத்திட்டால் அங்கே இருப்பது ஒரே சாட்சிதான், இன்னொன்று பொய்.

நம் ஜமாஅத்திலும் லிஃப்ட் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், ஸ்கூல் வேன் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அபார்ட்மென்ட் லிஃப்டின் சர்வீஸ் அட்டையில், பார்த்துவிட்டுப் போட்ட கையெழுத்தும் பார்க்காமல் போட்டதும் ஒன்றுபோலவே இருக்கும். ஏழாவது மாடியில் இருக்கும் வயதான அம்மாவால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. விமானத்தில் இருக்கும் அதே அமானிதம்தான் இது.

பயணியான நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது சகோதரர்களே, அதை யாரும் பேசுவதில்லை. "தொழில்நுட்பக் கோளாறால் தாமதம்" என்று அறிவித்தவுடன் கவுண்டரைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போடுகிறோம். கம்பெனிகள் இந்த வார்த்தையைச் சாக்காகப் பயன்படுத்துவதும் உண்டுதான். தண்ணீர் கேளுங்கள், சாப்பாடு கேளுங்கள், சேர வேண்டிய பணத்தைக் கேளுங்கள். அது உங்கள் ஹக். ஆனால் "எப்படியாவது கிளப்புங்கள்" என்று கத்தும்போது நாம் யார் பக்கம் நிற்கிறோம்? விமானத்தை நிறுத்தி வைக்கும் பொறியாளர் மேல் ஏற்கெனவே கம்பெனியின் நெருக்கடி இருக்கிறது. அதற்கு மேல் இருநூறு பயணிகளின் கோபமும் சேர்கிறது. உம்ரா குழுவோடு போகும் அமீர்கள் புறப்படும் முன்பே தங்கள் ஆட்களிடம் இதைச் சொல்லி வைக்கலாம்.