ஆசிரியர் சம்பளம் யார் கடன்?



மேனிலை வகுப்புகளுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் காலம் வந்தால் உங்களில் பலர் என்னிடம் வருகிறீர்கள். எந்தப் பிரிவு கிடைக்கும், பீஸ் எவ்வளவு, சிபாரிசுக் கடிதம் உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த வகுப்பில் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியருக்கு மாதம் என்ன கிடைக்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஓர் உதவி பெறும் பள்ளியை நினைத்துக் கொள்ளுங்கள். ஆசிரியர் அறையில் இருவர் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரும் முதுகலை படித்தவர்கள், பி.எட். முடித்தவர்கள். ஒரே மணி ஓசைக்கு எழுந்து போகிறார்கள். திருத்துவதும் ஒரே பரீட்சைத் தாள்தான். ஒருவருடைய பதவிக்கு அரசாங்க மானியம் உண்டு, மற்றவருடைய பதவிக்கு இல்லை. முதல் தேதியன்று முன்னவர் பெறுவதில் மூன்றில் ஒரு பங்கும் பின்னவர் கைக்கு வராது.

இது தனியார் நிர்வாகிகளின் கஞ்சத்தனம் மட்டுமன்று. அரசாங்கமே அப்படிச் செய்திருக்கிறது. 2022-ம் ஆண்டு தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளின் காலியிடங்களுக்கு பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை நியமித்தபோது, முதுகலை ஆசிரியருக்கு மாதம் 12,000 ரூபாய் என்று வைத்தார்கள். அங்கே நிரந்தர முதுகலை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மட்டுமே 36,900. தனியார் பள்ளிகளிலோ 1991-92-க்குப் பின் தொடங்கிய பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் மானியமே கிடையாது. 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டமும் 14 வயதோடு நின்றுவிடுகிறது. மேனிலை வகுப்பு அந்த வேலிக்கு வெளியே இருக்கிறது.

இங்கிலாந்தைப் போன்ற பணக்கார தேசத்திலும் இந்தக் கோளாறு உண்டு. 2024-ல் அங்கே பள்ளி ஆசிரியர்களுக்கு 5.5 சதவிகிதம் சம்பளம் உயர்ந்தது. மேனிலைப் படிப்புக்கென்றே நடக்கும் கல்லூரிகளில் பலவற்றுக்கு, அவை வேறு நிர்வாக வகையைச் சேர்ந்தவை என்று, அந்த உயர்வுக்கான பணம் அதேபோல் வரவில்லை. அவ்வருஷம் நவம்பரில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

நிற்க. இந்தக் கடன் யாருடையது? நிர்வாகியைக் கேட்டால் அரசாங்கத்தைக் காட்டுவார். அரசாங்கத்தைக் கேட்டால், பள்ளியை நடத்துகிறவர் அல்லவா கொடுக்க வேண்டும் என்னும். பெற்றோரோ, நாங்கள்தான் பீஸ் கட்டிவிட்டோமே என்பார்கள். வாத்தியார் மட்டும் ஒருவரையும் காட்ட முடியாமல் மளிகைக் கடைக்காரருக்குப் பதில் சொல்லிக் கொண்டிருக்கிறார்.

பரிசுத்த பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய நிருபத்தில், இரு தரப்பாரும் சம்மதித்த கூலி என்பதாலேயே அது நியாயமான கூலி ஆகிவிடாது என்று போதித்தார். வேறு வழியில்லாதவன் போடும் கையெழுத்து முழுச் சம்மதமாகாது. 1981-ல் பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் இன்னொரு படி மேலே போனார். வேலை வாங்குகிறவர் நேர் முதலாளி. அவர் எவ்வளவு கொடுக்கலாம் என்பதைச் சட்டத்தாலும் பணத்தாலும் நிர்ணயிப்பவர்கள் மறைமுக முதலாளிகள், அவர்களில் அரசாங்கம் முக்கியமானது என்றார். நமது வழக்குக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மறைமுக முதலாளி தவறினார் என்பதற்காக நேர் முதலாளியின் கடன் தள்ளுபடியாகாது. இரண்டும் இரண்டு கடன்கள்.

"நம்முடையது சிறுபான்மைப் பள்ளி, நமக்கு விலக்கு உண்டு" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். டில்லி பிராங்க் அந்தோணி பள்ளி ஊழியர் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் இதை விசாரித்தது. மானியம் பெறாத சிறுபான்மைப் பள்ளிகளைச் சம்பள விதிகளிலிருந்து விலக்கிய டில்லிச் சட்டப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஆசிரியருக்கு உரியதைக் கொடுத்தால் சிறுபான்மை உரிமை குறைந்துவிடாது என்பதே அதன் சாரம். இதைச் சொல்ல நமக்கு நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

வேறு சிலர் மத்தேயு சுவிசேஷம் 20-ம் அதிகாரத்தைத் திருப்புவார்கள்: திராட்சைத் தோட்டத்து எஜமான் தன் பணத்தைத் தன் இஷ்டப்படி கொடுத்தாரல்லவா? கொடுத்தார். சாயங்காலம் வந்தவனுக்கும் முழு நாள் கூலி கொடுத்தார். எவனுக்கும் ஒரு நாள் பிழைப்புக்குக் குறைவாகக் கொடுக்கவில்லையே!

இதை எழுதுகிற நானும் குற்றவாளிதான். முன்பு ஒரு பங்கில் பள்ளித் தாளாளராக இருந்தேன். மாதம் ஒன்பதாயிரம் வாங்கிக் கொண்டிருந்த கணக்கு ஆசிரியர் ஒருவர் கொஞ்சம் உயர்த்தித் தரக் கேட்டு வந்தார். ஆசிரியப் பணி அறப்பணி என்று அரை மணி நேரம் பேசினேன். "சரி சாமி" என்று போய்விட்டார். அவர் ராத்திரி பத்து மணி வரை வீடு வீடாக டியூஷன் எடுத்துவிட்டு, மறுநாள் காலை வகுப்பில் நாற்காலியைப் பிடித்துக் கொண்டு நிற்கிறார் என்று பிறகு தெரிந்தது. அவ்வருஷம்தான் நாங்கள் பள்ளி முகப்புக்குப் புது வளைவு கட்டினோம். அவர் செய்த தியாகத்தை அவரைக் கேளாமலே நான் எடுத்துச் செலவழித்துவிட்டேன்.

முதலியார்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1936 ஜூலை 30-ம் தேதி புதுச்சேரியில் மில் தொழிலாளர் பன்னிருவர் சுடப்பட்டு இறந்ததை உங்கள் தாத்தாக்கள் சொல்லியிருப்பார்கள். நம்மூர் ஏ.எப்.டி. மில் 2020-ல் மூடப்பட்டபோது சம்பளமில்லாத வீடு எப்படியிருக்கும் என்று உங்களில் சிலர் கண்டீர்கள். நூல் நூற்பது அறப்பணி, ஆகையால் பாதிக் கூலி போதும் என்று மில்காரன்கூடச் சொன்னதில்லை.

சம்பளம் கூடினால் பீஸ் கூடும், ஏழைப் பிள்ளை வெளியே நிற்கும் என்பீர்கள். கனமான ஆட்சேபம்தான். அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் ஏழைப் பிள்ளைக்குச் செய்யும் உதவியை ஏழை வாத்தியார் ஒருவரே தாங்குவது என்ன நியாயம்? அரசாங்கம் தாங்கட்டும், பங்கு தாங்கட்டும், வசதியுள்ள பெற்றோர் தாங்கட்டும். கட்டடத்துக்கு முன் சம்பளம் என்று நிர்வாகம் வைத்துக் கொள்ளட்டும்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது, பீஸ் கேட்ட அதே வாயால், ஆசிரியருக்கு என்ன தருகிறீர்கள் என்றும் தாளாளரைக் கேளுங்கள். அவர் முகம் சற்றுக் கோணும். என்னை யாராவது கேட்டிருந்தால் எனக்கும் கோணித்தான் இருக்கும். அதைப் பார்த்துத் திரும்பிவிடாமல், இன்னொரு முறை கேளுங்கள்.