காற்றா, கயிறா?

பெக்கோக் கோயிலில் ஞாயிறு சமய வகுப்பு முடிந்ததும், படிவம் ஐந்து படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "எல்லாம் தலையெழுத்துன்னா, எதுக்கு அண்ணே விழுந்து விழுந்து படிக்கணும்?"

சட்டென்று பதில் வரவில்லை. அந்த வாரம்தான் ஒரு பொறியியல் பாடத்தில் நான் தோல்வி அடைந்திருந்தேன். அம்மாவிடம் "நேரம் சரியில்லம்மா" என்று சொல்லிச் சமாளித்திருந்தேன்.

பதில் தேடியபோது நேத்ரா குமணன் நினைவுக்கு வந்தார். சென்னைப் பெண், பொறியியல் படித்தவர். 2021 ஏப்ரலில் ஓமானில் நடந்த போட்டியின் வழியாக, ஒலிம்பிக் பாய்மரப் படகோட்டத்துக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோவில் 44 பேரில் 35-ஆவது இடம். அத்தோடு அவர் நிற்கவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 21-ஆவது இடம்.

அவர் ஓட்டுவது ஒரே ஆள், ஒரே பாய் கொண்ட படகு. போட்டியிடும் எல்லாருக்கும் ஒரே வகைப் படகுதான். காற்று மட்டும் யார் சொல்லும் கேட்காது. எதிர்க்காற்றில் எந்தப் பாய்மரப் படகும் நேராகப் போக முடியாது. ஏறக்குறைய 45 பாகை விலகி, வலப்பக்கம் கொஞ்சம், பிறகு திருப்பி இடப்பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறித்தான் முன்னேற வேண்டும். எதிரில் வீசும் அதே காற்றுதான் படகை நகர்த்தவும் செய்கிறது!

திருவள்ளுவர் 'ஊழ்' என்றும் ஓர் அதிகாரம் வைத்தார், 'ஆள்வினையுடைமை' என்றும் ஓர் அதிகாரம் வைத்தார். இரண்டும் மோதுகின்றன என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. காற்று ஊழ். கையில் இருக்கும் பாய்க்கயிறு ஆள்வினை. ஒன்று இருப்பதால் மற்றது இல்லாமல் போகாது.

அப்படியானால் தோற்றவுடன் காற்றைக் குறை சொல்லலாமா? என் கதையையே பார்ப்போம். கடைசி மூன்று வாரப் பயிற்சிக் கணக்குகளை நான் தொடவே இல்லை. அது காற்றின் குற்றமா? கயிற்றை விட்டது நான்தானே!

ஆனால் சிலருக்கு உண்மையிலேயே எதிர்க்காற்றுதான். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். அவர்களைப் பார்த்து "முயற்சி பத்தல" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அடுத்தவர் தோற்றால் முதலில் காற்றைப் பார்ப்போம். நாம் தோற்றால் முதலில் கயிற்றைப் பார்ப்போம். பெரும்பாலும் நாம் தலைகீழாகத்தான் செய்கிறோம்.

அடுத்த ஞாயிறு தம்பியிடம் இதைச் சொன்னேன். அதற்கு முதல் நாள் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நல்லா திட்டினாங்க. அன்று இரவே அந்தக் கணக்குகளை எடுத்து உட்கார்ந்தேன்.