கம்பளியும் சுவரும்

பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படிக்காத தமிழர் இல்லை. மலைநாட்டு அரசன் அவன். தோகை விரித்து நின்ற ஒரு மயிலைக் கண்டு, குளிரில் நடுங்குகிறதென்று எண்ணி, தன் விலையுயர்ந்த போர்வையை அதன்மேல் போர்த்திவிட்டுப் போனான். கேட்கக் கேட்க நெஞ்சு நெகிழ்கிற கதைதான். ஆனால் எனக்கு வெகு நாளாக ஒரு சந்தேகம். அந்த மலையில் மயிலைத் தவிர மனிதர்களும் இருந்திருப்பார்களே, அவர்கள் குடிசைக்குக் கூரை சரியாக இருந்ததா? கதை அதைச் சொல்லவில்லை. போர்வை கொடுப்பது கண்ணுக்குத் தெரிகிற தருமம். கூரை வேய்வதும் சுவரைச் செப்பனிடுவதும் அப்படியல்ல.

கூடலூருக்குப் போய் வந்த பிறகு இந்தச் சந்தேகம் எனக்கு வலுத்துவிட்டது.

நீலகிரிக் குளிர் என்றால் நமக்கு ஊட்டிதான் ஞாபகம் வரும். கூடலூர் ஏறக்குறைய ஊட்டியின் பாதி உயரத்தில் இருக்கிறது. அங்கே புல்வெளி வெளுக்கும்படியாக உறைபனி விழுவதில்லை. ஆனால் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் நாள்கணக்கில் சூரியன் முகம் காட்டாது. பக்கத்துத் தேவாலாவைத் தென்னாட்டுச் சிரபுஞ்சி என்றே சொல்கிறார்கள். துவைத்த துணி உலராது, தீக்குச்சி பற்றாது, சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். இது நனைந்த குளிர். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்துமாம். அப்படியானால் ஈரம் ஊறிய சுவர், வீட்டுக்குள் இருக்கிற கொஞ்சம் சூட்டையும் இரவெல்லாம் உறிஞ்சி வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளிகள் இருப்பது வரிசை வீடுகளில். இங்கே அதைப் 'பாடி' என்பார்கள். 1964-ம் வருஷத்துச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு அது 'லயம்'. பெயர் எதுவானாலும் ஒரே நீளக் கூரை, இடையிடையே குறுக்குச் சுவர், குடும்பத்துக்கு ஓர் அறை, அடுப்புக்குக் கொஞ்சம் இடம். பல இடங்களில் கூரை தகரம் அல்லது சிமெண்டு அட்டை. அதே மலையில் வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்குக் கட்டிக்கொண்ட பங்களாக்களைப் பாருங்கள்: கணப்பு, புகைபோக்கி, கனத்த சுவர். குளிரைப் பற்றி அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. யாருக்குக் குளிரும் என்பதில்தான் அவர்களுக்கென்று தனி அபிப்பிராயம் இருந்தது.

1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்றது அதன் 15-வது பிரிவு. குடை, கம்பளி, மழைச்சட்டை முதலியவற்றை முதலாளி தரவேண்டும் என்று மாநில சர்க்கார் விதி செய்யலாம் என்றது 17-வது பிரிவு. (இந்தச் சட்டம் பிற்பாடு 2020-ம் வருஷத்துச் சட்டத் தொகுப்பில் கலந்துவிட்டது.) இலங்கைத் தோட்டங்களில் கம்பளியைக் கையில் கொடுத்துவிட்டு அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட காலத்தை நினைத்தால், இது தங்கமான சட்டம். ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது. குளிரிலிருந்து காப்பாற்று என்றதும் நமக்கு ஏன் கம்பளி ஞாபகம் வருகிறது, சுவர் ஞாபகம் வரவில்லை? கம்பளியை எண்ணலாம், ஏட்டில் எழுதலாம், கைநாட்டு வாங்கலாம். சுவர் சூட்டைக் காத்ததா இல்லையா என்பதற்கு எந்த ஏட்டில் கைநாட்டு வாங்குவது?

ஒரு தோட்டத்து வயதான மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார்.

"கம்பளி கேட்டா குடுப்பாங்க ஐயா. சுவரைக் கேட்டா, பிடிக்கலேன்னா காலி பண்ணும்பாங்க."

அடுப்பு விஷயமும் இப்படித்தான். 2016-ல் உஜ்வலா திட்டம் வந்து ஏழை வீடுகளுக்கு வாயு அடுப்பு கொடுத்தது. விறகுப் புகை பெண்களின் நுரையீரலைத் தின்கிறது என்பதில் சந்தேகமில்லை. புகையைப் புகழ்ந்து எழுத நான் வரவில்லை. ஆனால் கூடலூரில் விறகடுப்பு சோறு ஆக்க மட்டும் எரிவதில்லை. அதற்கு மேலே கட்டிய கொடியில் பள்ளிக்கூடச் சட்டை உலர்கிறது. அதன் பக்கத்தில்தான் கைக்குழந்தையும் கிழவியும் படுத்துக்கொள்கிறார்கள். வாயு அடுப்போ காப்பியைப் போட்டுவிட்டு அணைந்துவிடும். ஆகவே வாயு வந்த வீட்டிலும் விறகுச் சுமை வந்துகொண்டிருக்கிறது. 'இந்த ஜனங்களுக்கு எத்தனை சொன்னாலும் ஏறாது' என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். ஒரு சாமான் இரண்டு வேலை செய்தது. ஒரு வேலைக்கு மட்டும் மாற்றுக் கொடுத்தோம். ஏறாதது யாருக்கு?

எரிசக்திச் சிக்கனம் இன்று பெரிய தருமமாகிவிட்டது. ஆகட்டும். ஆனால் சிக்கனம் என்பது இருப்பவனுடைய ஒழுக்கம். கணக்கைப் பார்த்தால் நாட்டிலேயே உத்தமமான சிக்கனக்காரன் பாடியில் நடுங்குகிறவன்தான். அறையைச் சூடாக்க அவன் ஒரு யூனிட் மின்சாரம்கூடச் செலவழிப்பதில்லை. 2018-ல் மத்திய சர்க்கார் வீடுகளுக்கென்று ஒரு விதித் தொகுப்பு வெளியிட்டது. 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்று பெயர். கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் போகக்கூடாது என்கிறது. நியாயமான விதி. வெறும் தகரம் அதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு விட்டுவிடும். ஆனால் இந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் கட்டுகிற வீடுகளுக்குத்தான். அதாவது பன்னிரண்டு சென்டுக்குமேல் உடையவர்களுக்கு. மூன்று சென்டுக்காரனின் சூடு எப்படிப் போனாலும் விதிக்குக் கவலையில்லை.

நியூஸிலாந்தில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். வருவாய் குறைந்த பகுதிகளில் சுமார் 1,350 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, பாதிப் பேருடைய வீடுகளுக்கு முதலில் வெப்பக் காப்புப் போட்டார்கள். 2007-ல் முடிவு வெளியாயிற்று. படுக்கையறைச் சூடு என்னவோ அரை டிகிரிதான் கூடியிருந்தது. ஆனால் ஈரம் குறைந்தது, இளைப்புக் குறைந்தது, குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவது குறைந்தது. இப்படிக் காப்புப் போட்ட வீட்டுக்காரர்கள் மிச்சமாகிற பணத்தில் ஒரு பங்கைச் செலவழித்து வீட்டை இன்னும் கொஞ்சம் சூடாக வைத்துக்கொள்வார்கள். கணக்கர்கள் இதைத் திட்டத்துக்கு நஷ்டம் என்று எழுதுகிறார்கள். எனக்கென்னவோ திட்டத்தில் கண்ட லாபமே அதுதான் என்று படுகிறது. நடுங்கினவன் நடுக்கம் நிற்கக் கொஞ்சம் செலவழித்தால் அதையா நஷ்டம் என்பது? அந்த நாட்டில் 2017-ல் சட்டம் இயற்றி, வாடகை வீடுகளுக்குக் காப்பும், கூடத்தில் 18 டிகிரி சூடு தரக்கூடிய சாதனமும் வைப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு என்று ஆக்கிவிட்டார்கள். சுவருக்குச் செலவழிப்பவன் ஒருவன், சுவரால் துன்பப்படுகிறவன் வேறொருவன் என்றால் சுவர் ஒரு நாளும் திருந்தாது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

கூடலூரில் அந்தச் சட்டத்தைப் போட்டால் யார் தலையில் போடுவது? நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவள் ஓய்வு பெற்றால் பாடியைக் காலி செய்ய வேண்டும். தனக்கில்லாத சுவருக்கு அவள் எதற்குப் பூச்சு வேலை செய்வாள்? தோட்டத்துக்கு வெளியே வந்தாலோ, 1969-ம் வருஷத்து ஜன்ம நிலச் சட்டம் இருக்கிறது. அதிலும் 17-வது பிரிவு! இந்த ஊருக்கு 17 ராசியில்லாத எண் போலும். அந்தப் பிரிவு நிலங்களில் குடியிருப்பவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் பல வீடுகளுக்கு நெடுங்காலம் மின்சாரமும் இல்லை. கெட்டிச் சுவர் எழுப்பினால் ஆக்கிரமிப்பு பலமாகிறது என்று அதிகாரிக்குத் தோன்றுகிறது. எழுப்பாவிட்டால் ஆடி மாதம் வந்துவிடுகிறது.

அப்படி ஒரு வீட்டில் தகரக் கூரைக்கு அடியில், கட்டிலுக்கு நேர்மேலே, பழைய தோட்டக் கம்பளி ஒன்றை நான்கு மூலையிலும் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். விடியற்காலையில் தகரம் வேர்த்துச் சொட்டுகிற நீரை அது குடித்துக்கொள்கிறதாம். இரண்டு நாளைக்கு ஒரு தரம் இறக்கிப் பிழிந்து, மறுபடியும் கட்ட வேண்டும் என்று அந்த வீட்டு அம்மாள் சொன்னாள்.