அவர் பெயரில் எழுதிய உயில்

கணவரை இழந்த பெண்ணிடம் சொத்துப் பேச்சு எடுப்பதை நம் பக்கத்தில் யாரும் விரும்புவதில்லை. துக்கம் விசாரிக்க வருபவர்கள் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பார்கள். உயிலை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். அந்தக் கேள்வியை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எனக்கும் என் கணவருக்கும் பிள்ளைகள் இல்லை. யார் முந்தினாலும் சொத்து மற்றவருக்கு என்று இருவரும் உயில் எழுதியிருந்தோம். அவர் முந்திவிட்டார். ஆசிரியர் சம்பளத்தில் ஒரகடம் பக்கம் நான் வாங்கிய மனையை, என் உயில் இன்னும் அவருக்கே கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயரை நானே அடிப்பதா என்று மனம் அடித்துக்கொள்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். உயில்படி சொத்தைப் பெற வேண்டியவர் முன்பே இறந்து, வேறு ஏற்பாடும் எழுதப்படாவிட்டால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பொதுவாக அந்தக் கொடை செல்லாது. அப்புறம் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து நிற்கும். கணவரும் பிள்ளைகளும் இல்லாத பெண் தானே சம்பாதித்த சொத்துகூட அதன்படி முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான். பெற்ற தாய் தகப்பனுக்கு அதற்குப் பிறகே இடம்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நாராயணி தேவி என்ற பெண்ணின் வழக்கே சாட்சி. அவர் 1955இல் திருமணமான மூன்றே மாதத்தில் கணவரை இழந்தார். புகுந்த வீட்டார் விரட்டிவிட்டனர். பிறந்த வீட்டுக்குத் திரும்பி, படித்து, வேலைக்குப் போனார். 1996இல் உயில் எழுதாமலே இறந்தார். அவருடைய சேமிப்பு கணவரின் சகோதரி பிள்ளைகளுக்கே சேரும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

என் கொழுந்தனார் தங்கமானவர். ஆனால் ஒருவருடைய நல்ல குணத்தை நம்பி நிலத்தை விட்டுப்போக முடியாது. எங்கள் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியது; 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. மானாவாரிக் காடெல்லாம் மனையாகிவிட்டது. விலை ஏற ஏற, அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோன வீடுகள் இங்கே உண்டு.

அதனால் முடிவெடுத்துவிட்டேன். அவர் எனக்கு விட்டுப்போன வீடு அவர் தம்பி பிள்ளைகளுக்கு. நான் சம்பாதித்த மனை, என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே என் கையில் வளர்ந்த தங்கை மகளுக்கு. அவர் இருந்திருந்தாலும் இப்படித்தான் பிரித்திருப்பார் என்று நம்புகிறேன். அவர் பெயரை நான் அழிக்கவில்லை. அவர் பாசம் போன வழியிலேயே சொத்தையும் அனுப்புகிறேன்.

துக்கத்தின் முதல் மாதங்களில் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். மனம் தெளிந்ததும் தள்ளிப்போடவும் வேண்டாம். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவைப்பது நல்லது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்; கடைசியாக எழுதியதே செல்லும்.

துணையை இழந்த சகோதரிகளே, உங்கள் உயிலை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். யாருக்கு என்பதை நீங்களே எழுதிவையுங்கள்.