பீப்பாய்க்கு மூன்று நாள்

மான்செஸ்டர். மார்ச் மாதம். பிற்பகல் மூன்று மணி.

கதவைத் தள்ளியதும் வெளிச்சம் குறைகிறது. கண் பழகச் சற்று நேரம் பிடிக்கிறது. மூக்கு அதற்குள் பழகிவிடுகிறது. நனைந்த கம்பளி, மெழுகிட்ட மரம், நேற்றுச் சிந்திய பியர்.

*

எழுத வேண்டியது மதிப்புரை. இந்த நகரத்தின் பப்கள், பார்கள், இரவு கிளப்கள். ஒவ்வொன்றுக்கும் சில வரிகள். கடைசியில் ஒரு மதிப்பெண்.

நோட்டு திறந்திருக்கிறது.

மழை ஜன்னலில் இறங்குகிறது.

*

பெவெரில் ஆஃப் தி பீக். கிரேட் பிரிட்ஜ்வாட்டர் தெருவில் முக்கோணமாக நிற்கும் கட்டடம். வெளிச்சுவர் எல்லாம் பச்சை டைல்ஸ். மழை பட்டால் அந்தப் பச்சை இன்னும் கறுக்கிறது. சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள். இது தன் உயரத்திலேயே இருக்கிறது.

உள்ளே ஒரு பழைய மேசைக் கால்பந்து. இரண்டு பேர் ஆடுகிறார்கள். கம்பி சுழல்கிறது. பந்து குழியில் விழுகிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுபடி கம்பி.

*

அரை பைண்ட்.

பாருக்குப் பின்னால் நிற்கும் பெண் கைப்பம்பை இழுக்கிறாள். ஒரு முழு இழுப்பு. நிறுத்தம். இன்னொன்று, பாதி.

பம்பின் வாயில் நுண்துளைகள் உள்ள சிறு மூடி. வடக்கத்திப் பழக்கம். அதன் வழியாக வருவதால்தான் இந்தக் கெட்டி நுரை. தெற்கே இது பிடிக்காதவர்கள் நிறைய.

கண்ணாடிக்குள் வெண்மை மேலே ஏறுகிறது. பழுப்பு அடியிலிருந்து தெளிந்து வருகிறது. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நானும்.

அவசரப்படுத்த இதில் எதுவுமில்லை.

*

நிலவறையில் பீப்பாய்கள் 11 முதல் 13 டிகிரியில் கிடக்கின்றன. கையில் வாங்கினால் சில்லென்று இராது. முதல் வாய் வெறும் ஈரம். இரண்டாவதில் தானியம். மூன்றாவதில் ஹாப்ஸின் கசப்பு, நாக்கின் அடியில், தாமதமாக.

விழுங்கிய பிறகும் அது இருக்கிறது. பிறகு இல்லை. எப்போது போனது என்று பிடிக்க முடியவில்லை.

*

பீப்பாய்க்குள் ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. கடைசி நொதித்தல் அங்கேதான் நடக்கிறது. குழாயை அடித்து இறக்கி, முதல் கோப்பை ஊற்றியதும், வெளியே போன பியரின் இடத்தில் காற்று வந்து உட்காருகிறது. அன்றிலிருந்து மூன்று நாள் போல. பிறகு மணம் தளர்கிறது. பிறகு புளிப்பு.

நான் எழுதி, அது அச்சாகி, யாரோ ஒருவர் பக்கத்தைத் திருப்பும் நாளில் இந்தப் பியர் இருக்காது. இதே பெயரில், இதே பம்பில், வேறொரு பீப்பாய் இருக்கும்.

எதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

*

பூஜ்யம் முதல் ஐந்து வரை. காம்ரா உறுப்பினர்கள் அப்படித்தான் மதிப்பெண் போடுகிறார்கள். அரை மதிப்பெண்ணும் உண்டு. ஐந்து என்றால் குறை சொல்ல இடமே இல்லாதது.

1971-ல் நான்கு இளைஞர்கள் தொடங்கிய இயக்கம் அது. வாயு ஏற்றிய, வடிகட்டிய, உயிரற்ற பியர் எங்கும் பரவிய காலம். பீப்பாய் பியரைக் காக்க வேண்டும் என்று கிளம்பினார்கள். கடைகளில் விற்கும் புத்தகமாக அவர்களுடைய பியர் கையேடு 1974-ல் வந்தது. இன்றும் வருகிறது. ஊதியம் வாங்காதவர்கள், மழையில் பஸ் பிடித்துப் போய், ஓரமாக நின்று குடித்துப் பார்த்து, குறித்துவைக்கும் எண்கள்.

அந்த உழைப்பின் முன் தலை தாழ்கிறது. அவர்கள் இல்லாமல் இந்தக் கைப்பம்புகளில் பாதி இன்று இருந்திருக்காது.

என் கோப்பையைப் பார்க்கிறேன். நுரை உள்சுவரில் வளையம் வளையமாகத் தங்கியிருக்கிறது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வளையம்.

எண் எதுவும் மேலே வரவில்லை.

*

இந்த மூன்று மணி.

1988 வரை இது பூட்டிய நேரம். முதல் உலகப்போரின்போது, வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை கெடுகிறது என்று பிற்பகலில் பப்களை மூடவைத்தார்கள். போர் முடிந்தது. பூட்டு முடியவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேல்.

அத்தனை பிற்பகல்களில் இங்கே யாரும் இல்லை. வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்திருக்கும். தரையைக் கடந்திருக்கும். எதிர்ச்சுவரில் ஏறியிருக்கும்.

இப்போது அது என் மணிக்கட்டில்.

*

வேறொரு பப். கூரை பழுப்பு. பல தலைமுறைகளின் புகை. 2007 ஜூலை 1 முதல் உள்ளே யாரும் புகைப்பதில்லை. கூரை மட்டும் நினைவு வைத்திருக்கிறது.

*

சர்க்கஸ் டேவர்ன். போர்ட்லண்ட் தெரு.

குறுகலான நடை. மாடிப்படியின் அடியில் பார். ஒரே ஒருவர் நின்று ஊற்றலாம். பிறகு இரண்டு சின்ன அறைகள், பலகை அடித்த சுவர்கள். அவ்வளவுதான் பப்.

"ஆல்ரைட், லவ்," என்கிறார் உள்ளே வரும் பெரியவர். பதிலுக்காக நிற்கவில்லை.

எதிரே உட்காருகிறார். அவர் முழங்காலுக்கும் என் முழங்காலுக்கும் நடுவே ஒரு கை அகலம். இவ்வளவு சிறிய அறையில் தனியாக இருக்க முடிவதில்லை. சேர்ந்து இருக்கவும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

அவர் கோப்பையை எடுக்கிறார். நானும் எடுத்திருக்கிறேன். ஒரே நேரம். யாரும் திட்டமிடவில்லை.

மூச்சு சற்று நீள்கிறது.

சேவை, வசதி, சூழல், விலை. படிவத்தில் நான்கு கட்டங்கள். அந்தக் கை அகலத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது.

*

மார்பிள் ஆர்ச். ரோச்டேல் சாலை. 1888.

இங்கே தரை சாய்கிறது. பூவேலை செய்த மொசைக் தரை, வாசலிலிருந்து பாரை நோக்கி மெல்ல இறங்குகிறது. முதல் மிடறுக்கு முன்பே உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடுகிறது. எடை முன்பாதத்துக்கு நகர்கிறது. குதிகால் லேசாகிறது. உடம்பு தானாக முன்னே போகப் பார்க்கிறது.

நிற்கிறேன். போக விடாமல், பின்வாங்காமல். கெண்டைக்கால் சதை வேலை செய்வது தெரிகிறது. இத்தனை வருடமாக நின்றிருக்கிறேன். நிற்பதற்கு இவ்வளவு வேலை இருக்கிறது என்று சமதளம் சொன்னதில்லை.

மேலே வளைவு வளைவாகக் கூரை, பளபளக்கும் செங்கல். சுவரின் மேல் விளிம்பில் மதுவகைகளின் பெயர்கள் ஓடுகின்றன. கண் அவற்றோடு ஓடுகிறது. ஒரு சுற்று வந்து நிற்கிறது.

1997-ல் இந்த பப்பின் பின்புறத்தில் பியர் காய்ச்சத் தொடங்கினார்கள். மார்பிள் பியர் என்று பிறகு ஊரெல்லாம் போனது. அதன் கசப்பு எனக்குப் பிடிக்கும். வறண்ட, நேரான கசப்பு. இனிப்பால் மூடாதது.

பிடிக்கும் என்று எழுதியதும் கை தயங்குகிறது. பிடித்தல் வந்தது. இதோ இருக்கிறது. இருக்கட்டும்.

*

ஓல்ட் வெலிங்டன். 1552. மரச்சட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சுவர்.

1996 ஜூன் 15, சனிக்கிழமை. கார்ப்பரேஷன் தெருவில் ஒரு லாரி குண்டு வெடிக்கிறது. 200-க்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். யாரும் இறக்கவில்லை. நகரத்தின் நடுப்பகுதி நொறுங்குகிறது. மறுகட்டுமானத்தில் இந்தக் கட்டடம் வழியில் நிற்கிறது. மரம் மரமாகக் கழற்றி, எண் போட்டு, கதீட்ரல் பக்கம் கொண்டுபோய் மறுபடி பூட்டுகிறார்கள்.

உத்தரத்தில் கை வைக்கிறேன். குளிர். சொரசொரப்பு. உளியின் பள்ளம் ஒன்றில் விரல் நுனி பொருந்துகிறது.

*

அதை ஒட்டியே சின்க்ளேர்ஸ். சாமுவேல் ஸ்மித் மதுவாலையின் பப். அவர்களின் பப்களில் இசை போடுவதில்லை. 2019-ல் கைபேசிக்கும் தடை வந்தது.

முதலில் அமைதி போல இருக்கிறது. கேட்கக் கேட்க அமைதி நிரம்பியிருக்கிறது. நாற்காலி இழுபடுவது. யாரோ தொண்டையைச் செருமுவது. குழாயில் நீர். இரண்டு மேசை தள்ளி ஒரு மகள் தன் அம்மாவிடம் சொல்கிறாள்: "இன்னைக்கு நல்லா சாப்டீங்கம்மா." வேறு மொழியில்தான் சொல்கிறாள். எனக்குள் இப்படி வந்து விழுகிறது.

அம்மா ஜன்னலைப் பார்க்கிறாள்.

*

1946 பிப்ரவரி. ஈவினிங் ஸ்டாண்டர்ட் நாளிதழில் ஜார்ஜ் ஆர்வெல் தனக்குப் பிடித்த பப்பைப் பற்றி எழுதுகிறார். பெயர் தி மூன் அண்டர் வாட்டர். வானொலி இல்லை. பியானோ இல்லை. பேசினால் கேட்கும். பின்னால் குழந்தைகள் ஓடியாடத் தோட்டம். எழுதிக்கொண்டே வந்து, அப்படி ஒரு பப் இல்லை என்கிறார்.

இல்லாத இடத்துக்கு ஒரு மதிப்புரை. பப்களைப் பற்றி இதைவிட நல்லதை நான் படித்ததில்லை.

1995-ல் டீன்ஸ்கேட்டில் ஒரு பழைய சினிமா தியேட்டருக்குள் அதே பெயரில் பப் திறந்தார்கள். பிரிட்டனிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது.

இரண்டும் இருக்கட்டும். இல்லாததும், மிகப் பெரியதும்.

*

இரவு.

விட்வொர்த் தெரு மேற்கு. ஹசியெண்டா இருந்த இடம். 1982 மே 21-ல் திறந்தது, 1997-ல் மூடியது. இப்போது அதே பெயரில் அடுக்குமாடிக் குடியிருப்பு. பின்பக்கம் கால்வாய். நீர் அசையவில்லை. மூன்றாம் மாடியில் ஒரு விளக்கு. யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள்.

ஃபேக்டரி ரெக்கார்ட்ஸும் நியூ ஆர்டர் இசைக்குழுவும் தங்கள் பணத்தைப் போட்டு நடத்திய கிளப். ஆட வந்தவர்கள் பின்னாளில் போதை மாத்திரை விழுங்கினார்கள், தண்ணீர் குடித்தார்கள். பாரில் வருமானம் இல்லை. உள்ளே கூட்டம், கணக்கில் நஷ்டம். 1989-ல் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இங்கே மயங்கி விழுந்து, இறந்துபோனாள். வாசலில் துப்பாக்கிகளும் வந்தன.

ஆடிய மகிழ்ச்சியும் இங்கேதான். அதைச் சொன்னவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். முப்பது வருடம் கழித்தும் முகம் வெளிச்சமாகிறது.

ஆடுதளத்தின் மேப்பிள் பலகைகளை ஏலம் விட்டார்கள். நியூ ஆர்டரில் வாசித்த பீட்டர் ஹுக் அந்த மரத்திலிருந்து பேஸ் கிடார்கள் செய்யவைத்தார். ஆயிரமாயிரம் கால்கள் மிதித்த பலகை. இப்போது யாருடைய மார்பிலோ சாய்ந்து அதிர்கிறது.

*

மேஃபீல்ட். 1910-ல் கட்டிய ரயில் நிலையம். 1960-ல் பயணிகள் போயினர். பிறகு பார்சல்கள். பிறகு வெறுமை. 2019-லிருந்து வேர்ஹவுஸ் ப்ராஜெக்டின் நடன இரவுகள்.

இரும்புத் தூண்கள். இருட்டு. பத்தாயிரம் பேர் கொள்ளும் கூடம்.

விலா எலும்புக்குத்தான் முதலில் கேட்கிறது. காதுக்குப் பிறகு. தரையிலிருந்து கணுக்கால் வழியாக இன்னொரு தாளம். இதயம் தன் வேகத்தை விட்டுக்கொடுக்க யோசிக்கிறது. பல் வரிசையில் சிறு நடுக்கம்.

ஒரு அடி. ஒரு அடி. ஒரு அடி.

இரண்டு அடிகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. மிகச் சிறியது. முதலில் தெரிவதில்லை. தெரிந்தபிறகு அதுமட்டும்தான் தெரிகிறது. அங்கே ஒன்றுமில்லை. இத்தனை பேரும் ஒன்றாக அதில் நிற்கிறோம். கைகள் மேலே தூக்கியபடி. யாருக்கும் பெயரில்லை.

அடி.

*

இந்த வேர்ஹவுஸ் ப்ராஜெக்ட் தொடங்கியது 2006-ல், ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறைச்சாலை அருகே, மூடிக்கிடந்த பாடிங்டன்ஸ் மதுவாலைக்குள். 1778 முதல் காய்ச்சிய இடம். காய்ச்சுவது நின்றது. ஒரு பருவம் ஆட்டம். பிறகு இடிப்பு.

பியர் காய்ச்சிய மணம் காற்றில் எங்கோ இருக்கிறதா என்று நகரத்து முதியவர்கள் இன்னும் மூச்சிழுத்துப் பார்ப்பார்கள் என்று தோன்றுகிறது. நானும் இழுக்கிறேன். டீசல். ஈரம்.

*

ஓல்டம் தெரு. நைட் அண்ட் டே கஃபே. 1991 முதல் எத்தனையோ இளம் குழுக்கள் ஏறிய சின்ன மேடை. 2021-ல் பக்கத்துச் சுவருக்கு அப்பால் வசித்தவரின் புகாரால் மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பியது. வழக்கு 2024 வரை இழுத்தது.

ஒரே சுவர். இந்தப்பக்கம் பாட்டு. அந்தப்பக்கம் தூக்கம் வராத ஒருவர், தலையணையில் காதை அழுத்தியபடி.

சுவரின் மேல் உள்ளங்கையை வைக்கிறேன். அதிர்வு வருகிறது, போகிறது. எந்தப் பக்கமும் சாய மனமில்லை. மேடை மட்டும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மிகவும்.

*

விடியலுக்குச் சற்று முன். பிக்கடில்லி கார்டன்ஸ். நடைபாதையில் ஒருத்தி செருப்பைக் கையில் பிடித்து நடக்கிறாள். குளிர்ந்த கல்லில் வெறுங்கால். அவள் எதையோ முணுமுணுக்கிறாள். தாளம் மட்டும் இங்கே எட்டுகிறது.

*

வேறொரு மாலை. பிரிட்டன்ஸ் ப்ரொடெக்‌ஷன்.

நடையெல்லாம் டைல்ஸ். சுவரில் பீட்டர்லூ ஓவியங்கள். 1819 ஆகஸ்ட் 16. வாக்குரிமை கேட்டு அறுபதாயிரம் பேர் போல இங்கிருந்து நடக்கும் தூரத்தில் கூடினார்கள். குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. 15 பேருக்கு மேல் இறந்தார்கள். கழிவறைக்குப் போகிறவர்கள் அந்தக் குதிரைகளைக் கடந்து போகிறார்கள். சிலர் நிற்கிறார்கள். சிலர் நிற்பதில்லை.

பின்னறையில் கணப்பு. விஸ்கி அலமாரியில் புட்டிகள் நெருங்கி நிற்கின்றன. கன்னத்தின் ஒரு பக்கம் மட்டும் சூடு.

நோட்டில் எழுதுகிறேன்: பியர் தெளிவு. நுரை உண்டு. கழிவறை சுத்தம்.

எல்லாம் உண்மை.

அடுத்த வரிக்குக் காத்திருக்கிறேன். கணப்பில் ஒரு கட்டை சரிகிறது. அதுவும் உண்மை.

மதிப்பெண்ணுக்கான கட்டம் வெள்ளையாக இருக்கிறது. சற்று நேரம் அந்த வெள்ளையைப் பார்க்கிறேன்.

*

எதிரே பிரிட்ஜ்வாட்டர் ஹாலில் கச்சேரி முடிந்துவிட்டது போல. கதவு திறந்தபடியே இருக்கிறது. குளிரும் ஆட்களுமாக உள்ளே வருகிறார்கள். கறுப்புக் கோட்டுகள். தோளில் வயலின் பெட்டிகள். ஒருவர் பெரிய பெட்டி ஒன்றைச் சுவரோடு சாய்த்துவைக்க இடம் தேடுகிறார். என் மேசையைக் காட்டி, இங்கே உட்காரலாமா என்று புருவத்தால் கேட்கிறார். இன்னும் மூன்று பேர் அவர் பின்னால்.

நோட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து உட்காருகிறேன். நான்கு பைண்ட் கோப்பைகள் வந்து இறங்குகின்றன. மேசையில் எழுத இடமில்லை.