ஒரே கல்லடியில் இரண்டு

சாமல்பட்டியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்போது இரண்டு கண்ணாடித் தொட்டிகள். போன ஐப்பசி வரைக்கும் ஒன்றுதான் இருந்தது.

மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். அவன் ஆசையாக வாங்கிய லெப்பர்ட் கெக்கோ இரண்டையும் ஆடி மாதம் என்னிடம் கொண்டுவந்து விட்டான். நான் சிறுத்தைப் பல்லி என்கிறேன். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, ஒரு சாண் நீளம். நம் வீட்டுப் பல்லி மாதிரி சுவரேற வராது. கண்ணுக்கு இமை உண்டு, மூடித் தூங்கும். பூர்வீகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட கல்லாங்காடு. ஓசூர்க் குளிர் அதற்கு ஒத்துவரவில்லை. எங்கள் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. "நீயும் தனியாத்தானே இருக்கே, துணையாச்சு" என்றான். பல்லி எனக்குத் துணையா, நான் பல்லிக்குத் துணையா என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

விற்றவர் ஜோடியாகத்தான் கொடுத்தாராம். ஒத்தையாக இருந்தால் ஏங்கிப் போகும் என்றாராம். எதிர்வீட்டு அத்தையும் ஆமோதித்தார்: "காஞ்சிபுரத்துல தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் சேர்ந்துதானே இருக்குது!" வரதராஜப் பெருமாள் கோயில் விதானத்தில் அவற்றை நானும் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன். சாபத்தால் பல்லியான இரண்டு சீடர்கள் என்பது கதை. சாபம் தீர்ந்தவர்களுக்குப் பூச்சியும் வேண்டாம், சூடும் வேண்டாம். அத்தைக்கு இந்தப் பதில் அன்று எனக்குத் தோன்றவில்லை.

கிரானைட் பட்டறையில் கழித்துப்போட்ட கற்களை அடுக்கி மகன் தொட்டிக்குள் ஒரு பொந்து செய்திருந்தான். அதன் அடியில் சூடு தரும் மேட். இரண்டும் பகலெல்லாம் அதற்குள்தான். பெரியது சின்னதன் முதுகில் கழுத்தை வைத்துப் படுத்திருக்கும். போட்டோ எடுத்து, "பாரு, எவ்வளவு ஒத்துமை" என்று குடும்ப வாட்ஸப்பில் போட்டேன். பதினோரு பேர் இதயம் அனுப்பினார்கள்.

அதற்குள் சின்னதன் வால் மெலிய ஆரம்பித்திருந்தது. அந்தப் பிராணிக்கு வால்தான் சேமிப்பு, கொழுப்பெல்லாம் அங்கேதான் சேரும். கால்சியம் பொடியில் புரட்டிப் போடும் பூச்சியைப் பெரியதே முந்திக்கொண்டு தின்றதை நான் கவனிக்கவில்லை. ஒரு மழை நாள் காலையில் வால் தனியாக மூலையில் கிடந்தது. சின்னது தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால், சூடே எட்டாத பக்கத்தில் ஒடுங்கிக் கிடந்தது. பெரியது பொந்துக்குள் சௌகரியமாக இருந்தது.

மகன் விசாரித்துச் சொன்னான்: இரண்டும் பெண்ணாம். இரண்டும் ஆணாக இருந்திருந்தால் எப்போதோ கடித்துக் குதறியிருக்குமாம். ஜோடி என்று வாங்கியது ஜோடியே இல்லை! நான் அணைப்பு என்று பார்த்ததும் அணைப்பில்லை. சூடு இருந்தது ஒரே இடத்தில். பலமுள்ளது அதைப் பிடித்துக்கொண்டு, மற்றதை அமுக்கி வைத்திருந்தது.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். கருணைக்குப் பொருள் எழுதிப்போட்ட கரும்பலகைகளுக்குக் கணக்கில்லை. வள்ளலார் பாடம் வந்தால் இன்னும் உற்சாகம். 1867இல் வடலூர் தருமச்சாலையில் அடுப்பு மூட்டியவர், 1874 தையில் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தனக்குத் தனிமையை எடுத்துக்கொண்ட அவர் பிறருக்குப் போட்டது சோறு. பசித்த வயிறு இன்னது கேட்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பல்லிக்குப் பசி என்றேன். எனக்குத் தனிமை கனத்தது, அதற்கும் கனக்கும் என்று முடிவுகட்டிவிட்டேன்.

ஊத்தங்கரை போய் பஸ் ஏறினால் திருவண்ணாமலை. அங்கே வாழ்ந்த ரமணரின் தாயார் அழகம்மாள் கதையில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கோபம் உண்டு. 1898 டிசம்பரில் பவழக்குன்றுக்கு வந்து நாள்கணக்கில் அழுது கூப்பிட்டும் பிள்ளை வீட்டுக்கு வரவில்லை. கல்நெஞ்சு என்றுதான் நினைப்பேன். ஆனால் 1916இல் அந்த அம்மாள் தானே மலைக்கு வந்து பிள்ளையோடு தங்கிவிட்டார். பிள்ளை போகச் சொல்லவில்லை. இப்போது கோபம் கொஞ்சம் தணிந்திருக்கிறது. அவரும் இழுபட்டுப் போகவில்லை, தாயும் இழுபட்டு வரவில்லை. காட்டில் இந்தப் பல்லிகளும் ஒரே பாறை இடுக்கில் இரண்டு மூன்று இருப்பதுண்டாம். பிடிக்காவிட்டால் அடுத்த இடுக்கைப் பார்த்துப் போகும். என் தொட்டியில் அடுத்த இடுக்கு ஏது?

மகன் ஓசூருக்கே வந்துவிடு என்கிறான். நல்ல பிள்ளை, மருமகளும் தங்கம். தனியாக இருந்தால் ஏங்கிப் போவேனாம், விற்றவர் சொன்ன அதே வார்த்தை. போகிறேன், பத்து நாள் இருக்கிறேன், கிருஷ்ணகிரியில் பஸ் மாறித் திரும்பி வருகிறேன். அதுவரை பூச்சி போடுவது எதிர்வீட்டு அத்தை. பல்லியைக் காட்டி மனுஷருக்கு நியாயம் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பேத்தியைப் பார்க்காமல் எனக்கு ஒரு மாதம் ஓடாது. சின்னதுக்குப் பெரியதைப் பார்க்காமல் ஆயுசே ஓடிவிடும். எனக்கு வேண்டியதை நான் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். அது சொல்லாது, வாலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது தொட்டியில் சின்னதுக்குப் புது வால் முளைத்திருக்கிறது. பழையதன் அழகு இல்லை, முள்ளங்கித் துண்டு மாதிரி வழவழவென்று கட்டையாக இருக்கிறது. ஆனால் கொழுத்திருக்கிறது. தன் பொந்தில், தன் மேட்டின் மேல், தனியாகத்தான் படுத்திருக்கிறது. ஜோடியாக வாங்கப் போகிறவர்கள் இரண்டாவது தொட்டிக்கும் சேர்த்துப் பணம் எடுத்துப் போங்கள்.